தீர்த்தம் பட்ட கல்

சூளை ஆறும்வரை பொறுங்கள் என்று சொல்லிப் போன கிழமை விடைபெற்றோம். வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மெற்றில்டாதான் பொறுக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் எழும்பிப் போய், சூளையின் மண் பூச்சில் கையை வைப்பதும், சுடுகிறதென்று உதறுவதும், கணவர் பார்த்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பதுமாக நின்றாள்.

"இன்னும் சூடு போகேல்லை. கையை எடு" என்று கொட்டிலுக்குள்ளிருந்து குரல் வந்தது. பாயை விட்டு எழும்பாமலே மனைவி என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் இராசேந்திரம்.

இன்றைக்குத்தான் இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சண்டை ஓய்ந்தபின், கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய குடும்பம் இது. அடம்பனுக்குப் பக்கத்தில் இராசேந்திரத்தின் காணி பற்றை மண்டிக் கிடந்தது. பற்றையை வெட்டி, தகரக் கூரையும் தறப்பாள் மறைப்பும் கொண்டு ஒரு கொட்டில் போட்டார்கள். மூத்தவன் சாந்தரூபன் கூடவே வந்தான். இளையவள் சுபாஜினி வரவில்லை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே ரொபின்சன் என்ற பெயின்ரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

இப்போது சுபா முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெறவேண்டும் என்பது மெற்றில்டா பிறந்த பேசாலையிலும் வழக்கம், புகுந்த அடம்பனிலும் வழக்கம். வரச் சொல்லிக் கேட்டபோது சுபா உடனே மறுக்கவில்லை. ரொபின்சன் ஒரு சொல் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். சுவரில்லாத கொட்டிலுக்குள் தன் மனைவியைப் படுக்க விடமாட்டானாம். மெற்றில்டாவுக்கு மருமகன் மேல் கோபம் வரவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

இன்னொன்றும் உண்டு. முகாமை விட்டு நாடு திரும்புகிறவர்களின் அகதிப் பதிவை வெட்டிவிடுவார்கள். ஆகவே பிள்ளைப்பேற்றுக்கு வந்தால் வந்தது வந்ததுதான். ரொபின்சனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாக வேண்டும். மகள் இனி இங்கேயே இருப்பாள், பேரப்பிள்ளை இந்த முற்றத்தில் தவழும். இந்த ஆசையை மெற்றில்டா மனிதர் ஒருவரிடமும் சொல்லவில்லை. செபமாலை உருட்டும்போது மாதாவிடம் மட்டும் சொன்னாள்.

மாதமோ ஏறிக்கொண்டிருந்தது. வயிறு பெரிதானால் பிளேனில் ஏற்றமாட்டார்கள். அதற்குள் ஒரு அறைக்காவது சுவர் எழும்பவேண்டும். சுவருக்குக் கல் வேண்டும். முகாமில் இருந்த காலமெல்லாம் பக்கத்துச் சூளைகளில் கூலிக்குச் செங்கல் அரிந்த கைகள் இருவருக்கும் இருந்தன. ஊரான் வீட்டுக்கெல்லாம் கல் அரிந்தோம், எங்கள் வீட்டுக்கு அரியமாட்டோமா என்று மெற்றில்டா கேட்டாள். அப்படித்தான் வயல் மூலையில் களிமண் வெட்டி, குழைத்து, அச்சில் போட்டு, காயவைத்து, அடுக்கி, மண் பூசி, விறகு வைத்துக் கொளுத்தினார்கள். அந்தச் சூளை பிரிக்கிற நாள்தான் இன்று.

மேசன் பாயிஸ் தாராபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மெலிந்த மனிதன். கல்லைக் கண்ணால் பார்த்துக் கதைக்கமாட்டான், கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துத்தான் கதைப்பான். அகதியாகப் போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்திருக்கிற அவனுடைய மச்சானும் வீடு கட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல் சரியென்றால் நாளைக்கே இங்கே நூல் கட்டித் தொடங்குவதாகவும், சரியில்லையென்றால் மச்சான் வீட்டுக்குப் போய்விடுவதாகவும், பிறகு மாரி முடியத்தான் திரும்பி வர ஏலும் என்றும் முதலே சொல்லியிருந்தான். மாரி முடிய என்றால் சுபாவின் பிள்ளை பிறந்துவிடும். பிறகு ஆருக்குச் சுவர்?

சாந்தரூபன் அலவாங்கால் பூச்சைத் தட்டினான். காய்ந்த மண் பொருக்குப் பொருக்காக விழுந்தது. உள்ளே கல் தெரிந்தது.

நல்ல சிவப்பு. மெற்றில்டா ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்து, முந்தானையால் சாம்பலைத் துடைத்தாள். பாயிஸ் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினான். கணீரென்று கேட்டது. அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மெற்றில்டா மூச்சு விட்டாள்.

"நாளைக்கு நூல் கட்டுறம் அக்கா" என்றான் பாயிஸ்.

மெற்றில்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொட்டிலுக்குள் ஓடிப்போய், மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தப் போத்தலை எடுத்து வந்தாள். இராசேந்திரம் தொப்பியைக் கழற்றினார். பாயிஸ் ஒதுங்கி மரியாதையாக நின்றான். சூளையிலிருந்து முதலில் இறக்கி அடுக்கிய வரிசையின்மேல் அவள் சிலுவை அடையாளம் போட்டுத் தெளித்தாள். சந்தோசத்தில் கை தாராளமாகிவிட்டது. ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் ஒரு கை தண்ணீர் விழுந்தது. சூடான கல் அதை உறிஞ்சிக்கொண்டது.

எல்லோருமாகப் போய் நிழலில் இருந்து பிளேன்ரீ குடித்தார்கள். மெற்றில்டா அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கதைத்தாள். யன்னலை எந்தப் பக்கம் வைப்பது, கட்டில் எங்கே போடுவது, ஏணை கட்டுவதற்குக் கூரை வளையில் எந்த இடம் வசதி என்றெல்லாம் கதைத்தாள். இராசேந்திரம் தேத்தண்ணியை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை வந்து சேர முதலே இவள் ஏணையை ஆட்டத் தொடங்கிவிட்டாள் என்று அவர் மகனிடம் சொன்னது மெற்றில்டாவுக்குக் கேட்டது. கேட்டும் கேளாதமாதிரி இருந்துவிட்டாள்.

சாந்தரூபன்தான் முதலில் எழும்பிப் போனான். போனவன் அங்கே நின்றே கூப்பிட்டான். அவன் குரல் சரியில்லை.

இறக்கி அடுக்கிய வரிசையில் கல்லின் முகம் உரிந்திருந்தது. சிலதில் பெருவிரல் நகமளவு சில்லுப் பறந்து குழி விழுந்திருந்தது. சிலதில் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கல்லில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டு, ஒரு துண்டு கழன்று மெற்றில்டாவின் காலடியில் விழுந்தது.

பக்கத்து வரிசையைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. சூளைக்குள் இருந்ததையும் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

"தீர்த்தம் பட்ட கல் மட்டுந்தான் வெடிக்குது" என்றார் இராசேந்திரம்.  தலையில் இருந்த தொப்பியை மறுபடி கழற்றினார். அவர் என்ன நினைக்கிறார் என்று மெற்றில்டாவுக்குத் தெரிந்தது. கட்டாதே என்று மேலேயிருந்து சொல்லப்படுகிறது என்று நினைக்கிறார். ஒரு கணம் அவளும் அப்படித்தான் நினைத்தாள். மாதாவிடம் ஆசையை அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தாள்.

ஆனாலும் அவள் குனிந்து அந்தத் துண்டை எடுத்தாள். கல்லில் துண்டு கழன்ற குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவாக வந்தது. நாக்கில் வைத்தாள். சுள்ளென்று பிடித்தது.

அந்த ருசி அவளுக்குத் தெரியும். பேசாலைக் கரையில் அவளுடைய தகப்பன் எமிலியானுஸ் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்றவர். சின்ன வயதில் விளையாட்டாகச் சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் வைத்து அழுதது ஒருநாளா இரண்டுநாளா?

மெற்றில்டா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

களிமண் மட்டும் போட்டால் காயும்போது கல் வெடிக்கும். அதனால் மணல் சேர்க்கவேண்டும். மண்டபத்துப் பக்கத்துச் சூளைகளில் ஆற்று மணல் சேர்ப்பார்கள். இங்கேயும் ஆற்று மணல் வரும்வரை பொறுப்போம் என்றுதான் இராசேந்திரம் சொன்னார். அதற்கு அனுமதி எடுக்கவேண்டும், லொறி பிடிக்கவேண்டும், ஒரு மாதமாவது போகும். மெற்றில்டாவுக்குப் பொறுக்க முடியவில்லை. தமையனின் உழவு இயந்திரத்தில் பேசாலைக் கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து இறக்கினாள். உப்பு இருக்குமே என்று இராசேந்திரம் தயங்கியபோது, உப்பைக் கழுவ எனக்குத் தெரியாதா என்று வாயடைத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, இடுப்பு ஒடியக் கழுவினாள். உப்புப் போய்விட்டது. நொறுங்கின சிப்பி போகவில்லை. தன் கரை மணலை அவள் சந்தேகப்படவே இல்லை. அந்தச் சிப்பித் தூளெல்லாம் களிமண்ணோடு சேர்ந்து சூளைக்குள் போய் நீறாத சுண்ணாம்பாக வெந்து, ஒரு சொட்டுத் தண்ணீருக்காகக் கல்லுக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சிப்பி சுடுகிறவனின் மகளுக்கு இது தோன்றவில்லை. வேறு ஆரைக் குற்றம் சொல்வது?

"இஞ்சாருங்கோ, தீர்த்தத்தில பிழையில்லை. என்ரை மணல்லதான் பிழை" என்றாள் மெற்றில்டா.

நான் அப்போதே சொன்னேனே என்று இராசேந்திரம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். அவர் கேட்காததால் அழவும் முடியாமல் இருந்தாள்.

பாயிஸ் ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தான். சுவரில் வைத்துப் பூசினாலும் ஈரம் பட்டுப் பட்டு வெடிக்கும், பூச்சைத் தள்ளும், ஒரு மாரிக்குள் சுவர் பொரிந்துபோகும் என்று மெல்லச் சொன்னான். தன்னுடைய கையால் அப்படி ஒரு சுவரை எழுப்ப மனம் வராது என்றும் சொன்னான். பிறகு தெற்கே பார்த்தான். வயலுக்கு அப்பால் வானம் கறுத்து வந்தது. மழை பெய்தால் சூளையில் இருக்கிற கல்லும் இந்தப் பாடுதான் படும்.

சுபாவின் முகம் மெற்றில்டாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. முகாம் வாசலில் விட்டுவிட்டு வந்த அன்று அழாமல் நின்ற முகம். அதற்குப் பிறகு போனில் குரல்தான், முகம் இல்லை. அந்த முகத்தைக் கைக்குள் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது. அதற்காகத்தான் இந்தக் கல்.

அப்படி இருந்தவளுக்குத் தகப்பனின் சுண்ணாம்புக் கிடங்கு நினைவுக்கு வந்தது. சுட்ட சிப்பியின்மேல் எமிலியானுஸ் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளிப்பார். பொரிந்து, வெடித்து, மாவாகக் கொட்டுண்ணும். ஆனால் பூசுகிற சுண்ணாம்பு வேண்டுமென்றால் தெளிக்கமாட்டார். கிடங்கு நிறையத் தண்ணீர் விட்டு அதற்குள் தள்ளுவார். அது கொதித்து, புகைந்து, பிறகு வெண்ணெயாக அடியில் படுத்துவிடும். படுத்த சுண்ணாம்பு பிறகு எந்தத் தண்ணீருக்கும் அசையாது.

மெற்றில்டா எழும்பினாள்.

களிமண் வெட்டின கிடங்கு சூளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாய்க்கால் கசிந்து அதில் நெஞ்சளவுக்குத் தண்ணீர் நின்றது. சூளைக்குள்ளிருந்து சூட்டோடு ஒரு கல்லை உருவிக் கொண்டுபோய் அதற்குள் போட்டாள். கல் சீறியது. குமிழி குமிழியாக வந்தது. இன்னொரு கல்லை எடுத்து வெளியே வைத்து, கையால் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்டை குழம்பிவிட்டது என்று பயந்தார்களோ என்னவோ.

தெளித்த கல் வெடித்தது. கிடங்குக்குள் போட்ட கல்லைச் சாந்தரூபன் இறங்கி எடுத்து வந்தான். முகத்தில் இரண்டொரு வெள்ளைக் கசிவு இருந்தது, வெடிப்பு இல்லை. பாயிஸ் அதை வாங்கித் தட்டினான். நனைந்த கல்லின் சத்தம் மொத்தையாகத்தான் கேட்டது. வெயிலில் வைத்துக் காத்திருந்தான். மறுபடி தண்ணீர் தெளித்தான். மறுபடி காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் மெற்றில்டா எத்தனை அருள்நிறை மந்திரம் சொன்னாளோ அவளுக்கே தெரியாது. கல் அப்படியே இருந்தது.

"கொஞ்சத் தண்ணிதான் கூடாது" என்றாள் அவள். "முழுக்கத் தண்ணிக்குள்ள தாட்டா அடங்கிடும் தம்பி. ஒண்டும் விடாம அமுக்கவேணும்."

பாயிஸ் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினான். மேசன்மார் கல் சுமப்பதில்லை. அன்றைக்கு அவன் சுமந்தான்.

மத்தியானச் சாப்பாட்டை ஒருவரும் நினைக்கவில்லை. சாந்தரூபன் சூளையிலிருந்து உருவிக் கொடுக்க, இராசேந்திரமும் பாயிசும் சுமக்க, மெற்றில்டா கிடங்குக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வாங்கி வாங்கி அடியில் அடுக்கினாள். சூடான கல் உள்ளங்கையைப் பொசுக்கியது. தண்ணீர் வெதுவெதுப்பாகி, வெளிறிப்போய், தோலை அரித்தது. ஒருமுறை கல்லைக் கொடுக்கும்போது இராசேந்திரம் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் இருந்தது. வெளியே வா, நான் இறங்குகிறேன் என்றார். அவள் கையை இழுத்துக்கொண்டு அடுத்த கல்லுக்கு நீட்டினாள். அவர் அடுத்த கல்லை மெல்ல அந்தக் கையில் வைத்தார். வைத்த விதத்தில் கோபம் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. அது போதுமாக இருந்தது.

பொழுது சாயும்போது மழையின் மணம் வந்தது. சூளையில் பாதிக்குமேல் இன்னும் இருந்தது. கிடங்கும் நிறைந்துவிட்டது. மழைக்கு முதல் முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூட வேண்டும். மூட என்ன இருக்கிறது?

மெற்றில்டா தண்ணீரைவிட்டு ஏறி நேராகக் கொட்டிலுக்குப் போனாள். வந்து இறங்கிய நாளில் நிவாரணமாகக் கொடுத்த தறப்பாள்தான் அதற்குச் சுவர். அதன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். இன்றிரவு எங்கே படுக்கிறது என்று சாந்தரூபன் கேட்டான். இராசேந்திரம் வந்து மற்றப் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தார். கொட்டில் எலும்பும் தகரமுமாக நின்றது. நாலு பேருமாகத் தறப்பாளை இழுத்துக்கொண்டு ஓடிச் சூளையின்மேல் போட்டுக் கல் பாரம் வைத்து முடிக்கவும், முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

மழை கொட்டியது. தறப்பாளின் கீழே ஒரு சத்தமும் இல்லை. கிடங்குக்குள் கிடந்த கல்லுக்கு இனி மழை ஒன்றும் செய்ய ஏலாது. பாயிஸ் தகரத்தின் கீழே ஒதுங்கி நின்று, கிடங்கையும் சூளையையும் மாறி மாறிப் பார்த்து, மனதுக்குள் கணக்குப் போட்டான். வெடித்ததைக் கழித்தாலும் ஒரு அறைக்குக் காணும் என்றான். இராசேந்திரம் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாள் என்று மெற்றில்டா யோசித்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

சுபாதான். இன்றைக்குச் சூளை பிரிப்பது அவளுக்குத் தெரியும். மழைச் சத்தத்தில் கேட்காமல் மெற்றில்டா தகரத்தின் மூலைக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கதைத்தாள். ஈரச் சேலையோடு நின்றவளுக்குக் குளிரவில்லை. பிள்ளை அசையுதோ, சாப்பிட்டாயோ, கால் வீங்குதோ என்று வழக்கம்போல அடுக்கிக்கொண்டு போனாள். பிறகு ஒரே மூச்சில், கல் வெடித்ததையும், கிடங்கில் தாட்டதையும், தறப்பாளைக் கழற்றினதையும், ஒரு அறைக்குக் காணும் என்று மேசன் சொன்னதையும் சொன்னாள். யன்னல் கிழக்கே என்றாள். மருமகனிடம் சுவர் எழும்பப்போகிறது என்று சொல்லிவிடச் சொன்னாள்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறவில்லை.

"அம்மா, ரொபின் ஒண்ணும் சொல்லல" என்றாள் சுபா. அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "சுவர் இல்லாம வரமாட்டேன்னு சொன்னது நான்தான். அவரு பேரைப் போட்டுட்டேன்."

"ஏனம்மா?" என்றாள் மெற்றில்டா.

"நீங்க கட்டி முடிக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

சுபா தொடர்ந்து கதைத்தாள். தாய் பிறந்து வளர்ந்த ஊரின் பேச்சு அவள் வாயில் இல்லை, வளர்ந்த இடத்தின் பேச்சுத்தான் இருந்தது. அங்கே தனக்கு ஒருவரையும் தெரியாதென்றாள். நீங்கள் திரும்பிப் போகிறேன் என்றீர்கள், எனக்குத் திரும்ப அங்கே என்ன இருக்கிறது, நான் ஒருநாளும் வந்ததில்லையே என்றாள். பதிவை வெட்டிவிட்டால் பிறகு இங்கே காலடி வைக்க முடியாதென்று பயமாக இருக்கிறது என்றாள். அம்மா வேண்டாமென்று இல்லை, அம்மா இல்லாமல் ஒரு இரவு நித்திரை இல்லை, அதுவும் உண்மை என்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"நீங்க இங்க வாங்கம்மா. எனக்கு வீடு வேணாம். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

மகளைத் தேற்றவேண்டும் என்று மெற்றில்டாவுக்குத் தெரிந்தது. கோபிக்கவில்லை என்று சொல்லவேண்டும் என்றும் தெரிந்தது. கோபம் உண்மையிலே வரவில்லை. இத்தனை நாள் கட்டினது எல்லாம் மகளுக்குப் பயமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்ற துக்கம்தான் வந்தது. மழை கூடவாக இருக்கிறது, பிறகு எடு பிள்ளை, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னவாம் பிள்ளை?" என்று இராசேந்திரம் கேட்டார். தகரத்தின் மறு மூலையில் நின்றபடி, தலையிலிருந்து தண்ணீர் வடிய, இன்னும் அந்தச் சிரிப்போடுதான் நின்றார். சாந்தரூபன் திரும்பிப் பார்த்தான். பாயிஸ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். நாளைக்கு இங்கேயா, மச்சான் வீட்டுக்கா என்று அவனுக்கு இப்போதே தெரியவேண்டும்.

"சுணங்காமக் கெதியாக் கட்டட்டாம்" என்றாள் மெற்றில்டா.

"அப்ப நாளைக்குக் காலமை நூல் கட்டுறன் அக்கா" என்றான் பாயிஸ்.

அவள் தலையாட்டினாள். இராசேந்திரம் மழைக்குள் இறங்கி, யன்னல் வரப்போகிற இடத்தில் ஒரு தடியை ஊன்றிவிட்டு, இந்த இடம் சரிதானா என்று அங்கிருந்தே கேட்டார்.

"சரி" என்றாள்.